மெயினை அணைத்தும் ஓடும் மீட்டர்: மின் கட்டணக் கேள்வி-பதில்

கேள்வி: போன முறை 500 யூனிட், 1,805 ரூபாய். இந்த முறை 510 யூனிட்தான், 2,124 ரூபாய் வந்திருக்கிறது. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாயா? (காட்பாடி வாசகர்)

பதில்: கணக்கு சரிதான். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட்டில் ஒவ்வொன்றுக்கும் 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 சலுகை கிடையாது, 101-லிருந்தே 4.70. அதில் 235 ரூபாய் ஏறிவிடுகிறது. மிச்சம் 84 ரூபாய், பத்து யூனிட்டுக்கு 8.40 வீதம்.

500-க்குள் நிற்க நாளுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் இடம் இருக்கிறது. வேலூர் வெயிலில் ஏ.சி. இருக்கும் வீட்டுக்கு இது சிரமம்தான். கணக்கெடுப்பு நான்கு நாள் தள்ளிப்போனாலே முப்பது யூனிட் கூடிவிடும். வழக்கமான தேதியில் ஆள் வரவில்லையென்றால் மீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள், பிரிவு அலுவலகத்தில் பேச அதுதான் ஆதாரம்.

கேள்வி: கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் வாடகைக்காரர். தனித்தனி சர்வீஸ். மெயினை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் 30 யூனிட் ஓடியிருக்கிறது. மீட்டரில் இ.எல். என்ற சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. மீட்டர் பழுதா? (சத்துவாச்சாரி வாசகி)

பதில்: பெரும்பாலும் பழுது வயரிங்கில்தான். இந்த வகை மீட்டர், ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் தனித்தனியாக அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றும். இரண்டும் ஒத்துப்போகாதபோது இ.எல். விளக்கு எரியும். மாடியின் நியூட்ரல் எங்கோ உங்கள் நியூட்ரலோடு சேர்ந்திருந்தால், மாடிக் கரண்டில் ஒரு பங்கு உங்கள் மீட்டர் வழியாகத் திரும்பும். அதற்கும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். இரு வீட்டுக்கும் பொதுவான படிக்கட்டு விளக்கு, மோட்டார், இன்வெர்ட்டர் இணைப்பு, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கலப்பு நடந்திருக்கும்.

உங்கள் மெயின் ஃபேஸை மட்டும் துண்டிப்பதாக இருந்தால், அதை அணைத்துவிட்டு மாடியில் அயர்ன் பாக்ஸ் போடச் சொல்லுங்கள். உங்கள் மீட்டரின் பல்ஸ் விளக்கு (யூனிட் ஓடும்போது விட்டுவிட்டு மின்னும் சிறு விளக்கு) மின்னினால் விஷயம் உறுதி. எலக்ட்ரீஷியன், வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றி, கலந்த நியூட்ரலைப் பிரிக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகும் அந்த நியூட்ரலில் கரண்ட் இருக்கும் என்பதால் மாடி மெயினையும் அணைத்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டினால் இந்தக் கோளாறு உடனே ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுத்துவிடும். ட்ரிப் ஆகிறதே என்று அதைக் கழற்றி நேராக இணைத்துக் கொடுப்பவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

பிரித்த பிறகும் சந்தேகம் இருந்தால் மற்றதையெல்லாம் அணைத்து, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். மீட்டர் முகப்பில் யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று இருந்தால் பதினோரு விநாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டும். அதைவிடக் கணிசமாக வேகமாக மின்னினால்தான் மீட்டர்மேல் சந்தேகப்பட வேண்டும். சீலை மட்டும் தொடாதீர்கள், திருட்டு வழக்கில் போய் நிற்கும்.

கேள்வி: புகார் முடியும்வரை பில்லைக் கட்டாமல் வைக்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: வேண்டாம். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். ஆட்சேபத்தைப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். மீட்டர் சோதனையும் எழுதித்தான் கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். அங்கெல்லாம் முதலில் கேட்பது அந்தக் கையெழுத்து நகலைத்தான்.