'பாசிமணி' என்று எழுதி அனுப்பிய விதைகள்

கேள்வி: பத்து வருடமாக ரசாயனம் போடாமல் வளர்க்கும் செடிகளின் விதைகளை ஆன்லைனில் விற்கிறேன். பிரான்ஸில் இருக்கும் ஒருவருக்குத் தக்காளி உட்படப் பன்னிரண்டு பாக்கெட் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சுங்கப் படிவத்தில் 'பாசிமணி, அன்பளிப்பு' என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே பிரித்துப் பறிமுதல் செய்துவிட்டார்கள். எங்கள் இருவரிடமும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வாங்கியவர் பணத்தைக் கேட்டு மிரட்டுகிறார். மூன்று வருடத்தில் இப்படி ஆனதே இல்லை. தபால் துறையிடம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: முடியாது. சேரும் நாட்டில் சட்டப்படி பறிமுதலான பொருளுக்குத் தபால் துறை பொறுப்பேற்காது. உலக அஞ்சல் உடன்படிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. ரசாயனம் போடாமல் வளர்த்ததும் இங்கே செல்லாது. தக்காளி விதையின் தோலில் ஒட்டிக்கொண்டு போகும் வைரஸுக்கு நீங்கள் இயற்கை விவசாயி என்பது தெரியாது.

சட்டம் பார்க்கப்போவது படிவத்தில் நீங்கள் எழுதிய அந்த இரண்டு சொற்களைத்தான். 2019 டிசம்பர் 14 முதல், வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் விதைப்பு விதைக்கு, பத்து விதையானாலும், தாவர நலச் சான்று (பரிசோதித்து, நோயும் பூச்சியும் இல்லை என்று அனுப்பும் நாட்டு அரசு தருவது) வேண்டும். சான்று இல்லாமல் 'விதை' என்று எழுதி அனுப்பியிருந்தால், பெரும்பாலும் பொருளை அழிப்பதோடு விட்டிருப்பார்கள். 'பாசிமணி' என்றதால், "சான்று எங்கே?" என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் "ஏன் மறைத்தாய்?" என்று கேட்கிறார்கள். விற்ற பொருளை அன்பளிப்பு என்றது இரண்டாவது பொய்.

இனி அந்தப் பதில் கடிதம். என்னிடம் வருகிறவர்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். "மூன்று வருடமாக அனுப்புகிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பது உங்களுக்கு நியாயமாகப் படுகிறது. படிக்கும் அதிகாரிக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். ஒரு பார்சலோடு நிற்க வேண்டிய வழக்கை மூன்று வருட வழக்காக நீங்களே நீட்டிக் கொடுக்கிறீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் நான்கு பக்கம் உருகி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் ஆலோசனைக்கு வந்தார். கூடவே பழைய விற்பனைக் கணக்கையும் இணைத்திருந்தார், நேர்மைக்குச் சான்றாம்!

அதற்காகப் பொய்யும் சொல்லாதீர்கள். 'நான் ஆர்டரே செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள்' என்று வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால், உங்கள் மேல் கோபமாக இருக்கும் அவர் முதலில் நீட்டப்போவது அந்தச் செய்தியைத்தான். பழைய விளம்பரங்களையும் பதிவுகளையும் இப்போது அழித்தால், சாட்சியத்தை அழித்த கணக்கில் சேரும். வெளிநாட்டு விற்பனையை மட்டும் உடனே நிறுத்துங்கள்.

சின்ன அளவுக்கு விலக்கு உண்டு என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது அமெரிக்க விதி: பாக்கெட்டுக்கு அதிகபட்சம் 50 விதை அல்லது 10 கிராம், பார்சலுக்கு 50 பாக்கெட். அதற்கும் பெறுபவர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பிரான்ஸுக்கு அதைக் காட்டி வாதாட முடியாது. இப்போது போய்ச் சான்று வாங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். போவதற்கு முன் பரிசோதிக்காத விதைக்குப் போன பிறகு சான்று தர மாட்டார்கள்.

விதைகளை மறந்துவிடுங்கள். வாங்கியவருக்கு முழுப் பணத்தையும், தபால் செலவு உட்பட, இன்றே திருப்பிக் கொடுங்கள். புகாரை வாபஸ் வாங்கினால்தான் பணம் என்று நிபந்தனை போட்டால் அதுவே தனி வழக்காகலாம். அதிகாரிகளுக்கு அந்த நாட்டு வக்கீல் மூலம் அரைப் பக்கப் பதில் போதும்: இந்த ஒரு பார்சலைப் பற்றி மட்டும், அழிக்கச் சம்மதம் என்று. அபராதம் கட்டி முடித்துக்கொள்ள வழி சொன்னால் பேரம் பேசாமல் கட்டுங்கள்.

மற்ற பாக்கெட்டுகளில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஏரியோகார்ப்பஸ் மாதிரியான கள்ளி இருந்தால், அது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் வருகிறது, விதையும் சேர்த்து. அப்படியென்றால் மேலே சொன்ன சமாதானம் எடுபடாது. எதையும் எழுதும் முன், கடிதத்தில் உள்ள கெடு தேதிக்குள், பன்னிரண்டின் பெயர்ப் பட்டியலோடு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.