வாசகர் கேள்வி – பதில்: போக்கர் மேசையில் டீலருக்கு டிப்ஸ்

கேள்வி: சென்ற மாதம் அலுவலக நண்பர்களுடன் லாஸ் வேகாஸ் சென்றிருந்தபோது முதல் முறையாகக் கேசினோவில் போக்கர் விளையாடினேன். பிளைண்ட் (சீட்டுப் போடுமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்) 1 டாலர், 3 டாலர் என்ற மிகச் சிறிய மேசைதான். ஜெயித்தவர்கள் எல்லாரும் சீட்டுப் போடும் டீலர் பெண்ணிடம் ஒரு சிப்பை (பணத்துக்குப் பதிலாகப் பயன்படும் வில்லையை) நகர்த்திவிட்டதைக் கவனித்தேன். கேசினோ ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறதே, அதற்கு மேலும் ஏன் கொடுக்க வேண்டும் என்று எண்ணி நான் கொடுக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு மனம் உறுத்துகிறது. நான் செய்தது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சான் ஹோசே

பதில்: சட்டப்படி தவறில்லை, கொடுக்காதவரிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனாலும் உங்கள் மனம் உறுத்தியதில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். சூதாட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. மேசையில் உட்கார்ந்துவிட்ட பிறகு, நமக்காக உழைப்பவருக்கு உரியதைக் கொடுப்பதுதான் முறை.

நீங்கள் இரண்டு வேறு பணங்களை ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். கேசினோ எடுக்கும் பங்குக்கு ‘ரேக்’ என்று பெயர். சிறிய மேசைகளில் பெரும்பாலும் பந்தயத் தொகையில் பத்து சதவீதம், அதிகபட்சம் ஐந்து டாலர் அளவில் எடுப்பார்கள். ஜாக்பாட் நிதிக்கென்று மேலும் ஓரிரு டாலர் போகும். டீலர் தம் கையாலேயே அதை எடுத்து மேசையின் துளைக்குள் தள்ளினாலும், அதில் ஒரு சென்ட்கூட அவருக்குச் சேராது. அது முழுக்க முழுக்க நிறுவனத்தின் வருமானம். டீலருக்குக் கிடைப்பது பொதுவாகக் குறைந்தபட்சக் கூலியோ அதை ஒட்டிய தொகையோதான். நெவாடாவில் அது 2024 ஜூலை முதல் மணிக்கு 12 டாலர். டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க அந்த மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் பெரும்பாலும் நீங்கள் கவனித்த அந்த ஒற்றைச் சிப்புகளில்தான் நடக்கின்றன.

எவ்வளவு கொடுப்பது என்பதில் குழப்பமே வேண்டாம். ஃபிளாப் சீட்டுகள் (எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறந்து வைக்கும் முதல் மூன்று சீட்டுகள்) விழுந்து, ஓரளவு பணம் சேர்ந்த ஆட்டத்தை ஜெயித்தால் ஒரு டாலர். இருநூறு, முந்நூறு டாலர் சேர்ந்த பெரிய ஆட்டமென்றால் இரண்டு முதல் ஐந்து டாலர் கொடுக்கலாம். அதற்கு மேல் சிறிய மேசையில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிளைண்ட் பணம் மட்டுமே கைக்கு வந்தாலோ, பந்தயம் இருவருக்குச் சமமாகப் பிரிந்து போட்ட பணமே திரும்பினாலோ கொடுக்க வேண்டியதில்லை. தோற்றவரும் கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிக் கொடுத்தால் நம் கையில் என்ன மிஞ்சும் என்ற கவலை சிறிய மேசையில் எழுவது இயல்பே. ஐம்பது டாலர் ஆட்டத்தில் ரேக்குடன் இந்த ஒரு டாலரும் சேரும்போது கனமாகத்தான் தெரியும். ஆனால் ஒன்பது பேர் அமரும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ முப்பது ஆட்டம் நடக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பங்குக்கு மூன்று அல்லது நான்கு வெற்றி வரும். அவற்றில் சில வெறும் பிளைண்டோடு முடியும். ஆக மணிக்கு இரண்டு மூன்று டாலர்தான் உங்கள் செலவு. அதே மணியில் இருபது ஆட்டங்களில் ஒவ்வொரு டாலர் விழுந்தால், டீலருக்கு அது அவருடைய கூலியைவிடப் பெரிய தொகை.

“கிளம்பும்போது மொத்தமாகக் கொடுத்துவிடலாமே” என்று நினைக்க வேண்டாம். உணவக மேசைக்கு அது பொருந்தும், இங்கே பொருந்தாது. டீலர்கள் சுமார் அரை மணிக்கொரு முறை மேசை மாறுகிறார்கள். பிளாக்ஜாக் போன்ற ஆட்டங்களில் டிப்ஸ் எல்லாம் பொதுவில் சேர்ந்து பங்கிடப்படும். ஆனால் பல போக்கர் அறைகளில் அவரவர் வாங்கியது அவரவருக்கே. நீங்கள் எழும் நேரத்தில், உங்களுக்கு நல்ல ஆட்டம் நடத்திக் கொடுத்தவர் அறையின் மறுகோடியில் வேறு மேசையில் இருப்பார்.

கொடுக்கும் முறையும் முக்கியம். பணக் குவியல் உங்கள் பக்கம் வந்து சேரும்வரை பொறுத்திருங்கள். நடுவில் கிடக்கும் பணத்தோடு சிப்பை வீசினால் அது பந்தயமா டிப்ஸா என்ற குழப்பம் வரும். உங்கள் அடுக்கிலிருந்து ஒரு சிப்பை எடுத்து டீலருக்கு எதிரே வையுங்கள். அவர் அதை எடுத்து, சிப் தட்டின் விளிம்பில் ‘டக்’கென்று தட்டிவிட்டுத் தம் பெட்டிக்குள் போடுவார். அந்த ஓசை வெறும் பழக்கமல்ல; எடுத்தது நிறுவனத்தின் சிப் அல்ல, தமக்குக் கிடைத்த டிப்ஸ் என்று மேற்பார்வையாளருக்கும் தலைக்கு மேலுள்ள கேமராவுக்கும் அவர் காட்டும் அடையாளம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், தொடர்ந்து தோற்ற எரிச்சலில், தன் சீட்டுகளை டீலரின் கைமேல் படும்படி விசிறியெறிந்தார். அந்த அம்மாள் முகம் மாறாமல் சீட்டுகளைச் சேர்த்தெடுத்து அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். பல அறைகளில் சீட்டைக் கலைப்பது மேசைக்குள் பொருத்தப்பட்ட இயந்திரம்தான். நமக்கு என்ன சீட்டு வருகிறது என்பதில் டீலருக்குத் துளியும் பங்கில்லை. ஆகவே டிப்ஸை அதிர்ஷ்டத்துக்கான காணிக்கையாகவும் கருத வேண்டாம், கெட்ட சீட்டுக்குத் தண்டனையாக நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: போக்கர் போட்டிகளில் பரிசு வாங்கினாலும் டீலர்களுக்குக் கொடுக்க வேண்டுமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முதலில் போட்டியின் அறிவிப்புத் தாளைப் படியுங்கள். ஊழியர்களுக்கென்று ஒரு பங்கைப் பல இடங்களில் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். அது அதில் அச்சிடப்பட்டிருக்கும். பிடித்திருந்தால் மேலும் கொடுப்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: சிங்கப்பூர் கேசினோவில் டீலரிடம் ஒரு சிப்பை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். என் மீது ஏதும் வருத்தமா?
– வாசகர், ஜொகூர் பாரு

பதில்: வருத்தம் ஒன்றுமில்லை. சிங்கப்பூரின் கேசினோ கட்டுப்பாட்டுச் சட்டம் டீலர் போன்ற ஊழியர்கள் வாடிக்கையாளரிடமிருந்து அன்பளிப்பு வாங்குவதைத் தடை செய்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரிய கேசினோக்களிலும் டீலர்கள் டிப்ஸ் வாங்குவதில்லை. நீங்கள் வற்புறுத்தியிருந்தால் அவருடைய வேலைக்கே ஆபத்தாகியிருக்கும். அடுத்த முறை எழும்போது அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லுங்கள், போதும்.