எழுபதுகளின் ராக் ஆல்பங்கள்: எதை, எப்படிக் கேட்பது?

1970 முதல் 1979 வரை வந்த ராக் ஆல்பங்களோடு எனக்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அவற்றைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் ராக் பக்கமே போனதில்லை. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. 43 நிமிஷம். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும். நடுவில் பெரும்பாலும் ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே பிடித்தது என்றே தெரியாது.

அதில் 'மணி' என்ற பாட்டின் தொடக்கத்தை மட்டும் உன்னிப்பாகக் கேளுங்கள். சில்லறை விழுகிறது, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. இப்படி ஏழு சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வரும். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற காலம் இல்லை அது. ஒவ்வொரு சத்தத்தையும் டேப்பில் பதிந்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளத் துண்டுகளாக நறுக்கி, வளையமாக ஒட்டி ஓடவிட்டார்கள். குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸின் மனைவி மண்பாண்டம் செய்பவர். அவர் களிமண் கலக்கும் கிண்ணத்துக்குள் காசை வீசித்தான் அந்தச் சில்லறைச் சத்தத்தைப் பதிந்தார்கள்.

பாட்டின் தாளமும் ஏழுதான். மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கை தானாகவே சேர்ந்துகொள்ளும். கிட்டார் தனியாக எழும்பும் இடத்தில் ஏழு நாலாக மாறும். அந்த ஒரு நொடியில் இடுக்கான சந்திலிருந்து பெரிய சாலைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும் எனக்கு, இன்றைக்கும்.

கேள்வி: எனக்கு ஆங்கிலப் பாட்டு வரிகள் காதில் பிடிபடுவதில்லை. புரியாமல் கேட்டு என்ன பிரயோஜனம் சார்?

அதே ஆல்பத்திலேயே பதில் இருக்கிறது. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டான 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் பாடகிக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்து வந்தார்கள். வார்த்தை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட விட்டார்கள். தன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதலில் கதறல், பிறகு கெஞ்சல், கடைசியில் எல்லாம் அடங்கிப் போன ஒரு முனகல். இதற்கு அகராதி எதற்கு?

அன்றைய கூலி 30 பவுண்டு. அந்த மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004இல் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் சமரசமாகி, இப்போது குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பெயரோடு அவர் பெயரும் பாட்டுக்கு வருகிறது. நியாயம் தாமதமாக வந்தது, ஆனாலும் வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

வரிகள் வேண்டுமென்றால் இரண்டாவது தடவை பாருங்கள். முதல் தடவை காதை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: கல்லூரி பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறேன் அண்ணா. லெட் செப்பலின் டிரம்ஸ் மாதிரி பெரிய சத்தம் எனக்கு வருவதில்லை. எட்டு மைக் வைத்தும் பார்த்துவிட்டோம்.

தம்பி, மைக்கைக் குறை. நீ சொல்கிற சத்தம் பெரும்பாலும் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டில் வருவதாக இருக்கும். 1971 நவம்பரில் வந்த அவர்களுடைய நாலாவது ஆல்பத்தில் இருக்கிறது அது. அட்டையில் ஆல்பத்தின் பெயரும் கிடையாது, குழுவின் பெயரும் கிடையாது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம். 1795இல் ஏழைகளை வைத்து வேலை வாங்குவதற்காகக் கட்டியது. உள்ளே மூன்று மாடி உயரத்துக்குப் படிக்கட்டுக் கூடம். ஜான் பான்ஹமின் டிரம்ஸை அந்தக் கூடத்தின் தரையில் போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே இருந்து இரண்டே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். அடி விழுகிறது, சுவரெல்லாம் பதில் சொல்கிறது, அந்தப் பதிலும் சேர்ந்து மைக்கில் ஏறுகிறது. அதற்கு மேல் கொஞ்சம் எக்கோ. அவ்வளவுதான்.

டிரம்ஸோடு சேர்த்து அது இருக்கிற இடத்தையும் பதிய வேண்டும். உங்கள் கல்லூரியில் மாடிப்படிக் கூடம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி முயன்று பார். இன்னொன்று, அந்தப் பாட்டு 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. 1929இல் கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பாடிய ப்ளூஸ்தான் அதன் மூலம். அதையும் தேடிக் கேள். கரை உடையப் போகிறது என்ற பயம் இந்த டிரம்ஸில் எப்படி வந்து உட்கார்ந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

கேள்வி: பிளாக் சாபத் ஏன் இப்படி இருட்டாக, பாரமாக ஒலிக்கிறது? வேண்டுமென்றே பயமுறுத்துகிறார்களா?

கொஞ்சம் வேண்டுமென்றே. மீதி ஒரு விபத்தால்.

அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமிக்கு அப்போது 17 வயது. பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்குத்தான் கடைசி நாள், மறுநாளிலிருந்து இசைதான் என்று இருந்தவர். இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர், அதனால் தந்தியை அழுத்துவதே வலது கைதான். இனி வாசிக்கவே முடியாது என்று உடைந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்தும் உலகமே வியக்க வாசித்த கிட்டார் கலைஞர்.

ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி மாதிரி செய்து, விரல் நுனியில் மாட்டி, மேலே தோலை ஒட்டிக்கொண்டார். வலி குறைய மெல்லிய தந்தி போட்டார். 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று அரைச் சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, சத்தம் தடித்தது. பின்னால் வந்த ஹெவி மெட்டல் கிட்டார்கள் அந்தத் தடித்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தன.

பயமுறுத்தும் பகுதி, முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்த ஆல்பம். ஏறக்குறைய மொத்தத்தையும் ஒரே நாளில் பதிந்தார்கள். அந்தப் பாட்டில் மூன்று ஸ்வரம்தான்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். கல்யாணியில் நாம் உருகிக் கேட்கிற அதே மத்யமம்தான். பக்கத்தில் பஞ்சமத்தின் துணை இல்லாமல் தனியாக அதிரவிட்டால் ஆளில்லாத வீட்டில் கதவு திறந்த மாதிரி இருக்கிறது. வீட்டில் கீபோர்டு இருந்தால் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' உண்மைக் கதையா?

ஆமாம். 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ. டீப் பர்ப்பிள் குழு அங்கிருந்த கேசினோ அரங்கத்தில் ஆல்பம் பதிய வந்திருந்தது. அதற்கு முன் அங்கே ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்துவிட்டது. புகை ஜெனீவா ஏரியின் மேல் பரவியதைப் பார்த்துப் பிறந்த பாட்டு. மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளை அடுக்கி 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிந்தார்கள். பதிந்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டிக் குளிரில் வெளியே, ஒலிப்பதிவுக் கருவிகள் இருந்த வண்டிக்குப் போக வேண்டும். அந்தச் சிரமத்தால் திரும்பக் கேட்பதையே குறைத்துவிட்டார்கள். அந்த ஆல்பத்தில் ஒரு துள்ளல் இருக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' எல்லாரும் பிரிந்துபோன கதை என்கிறார்களே. அந்த வம்பைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

உழைப்பு இருக்கிறது. 1977 பிப்ரவரியில் வந்தது. ஜான், கிறிஸ்டின் மெக்வீ தம்பதி பிரிந்துவிட்டார்கள். லிண்ட்சே பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துவிட்டார்கள். மிக் ஃபிளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. இருந்தும் ஐந்து பேரும் தினமும் ஒரே ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். தன்னைக் குறித்து மற்றவர் எழுதிய வரிக்குத் தானே பின்குரல் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய மனது வேண்டும் அதற்கு!

மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப்பே தேய்ந்து, டிரம்ஸின் கூர்மை மங்கிவிட்டது. நல்லவேளை, ஆரம்பத்திலேயே இன்னொரு டேப்பிலும் பதிந்து வைத்திருந்தார்கள். ஒரு தொழில்நுட்பர் ஒரு காதில் பழைய டேப்பையும் மறு காதில் மாற்று டேப்பையும் கேட்டபடி, வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து இரண்டையும் இணைத்தார். அந்த ஆல்பத்தின் பளிச்சென்ற ஒலியைக் கேட்கும்போது அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாரும் கொண்டாடி, உங்களுக்குப் பிடிக்காத ஆல்பம்?

யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃபிரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்', 1973. இசைத்தட்டில் நாலு பக்கம், நாலே பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் வரும் ஒரு அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு எழுதியது என்பதால் ஆசையாகத்தான் போனேன். நீட்டிவிட்டார்கள். முந்தின வருஷத்து 'குளோஸ் டு தி எட்ஜ்' ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டதை இது நாலு பக்கத்தில் தேடுகிறது.

கேள்வி: பெண்கள்?

பேட்டி ஸ்மித்தின் 'ஹார்சஸ்', 1975. இன்றைக்கே கேளுங்கள்.

கேள்வி: பங்க் வந்து இந்த நீளமான பாட்டுகளையெல்லாம் ஒழித்துவிட்டது என்பது சரியா?

பங்க் என்றால் குட்டியான, வேகமான, முரட்டு ராக். ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம், 1976: 14 பாட்டு, 29 நிமிஷம், 6,400 டாலர் செலவு. புத்தம் புதுக் காற்று, மறுக்கவில்லை. ஆனால் அதே நியூயார்க்கில், அவர்கள் வாசித்த அதே சிறு அரங்கத்தில் வாசித்த டெலிவிஷன் குழு அடுத்த வருஷமே 'மார்க்கீ மூன்' என்று சுமார் பத்து நிமிஷப் பாட்டு போட்டது. இரண்டு கிட்டார்கள் கேள்வியும் பதிலுமாகப் பின்னிக்கொண்டே போகும். நீளத்தை யாரும் ஒழிக்கவில்லை.

கேள்வி: போனில்தான் கேட்கிறேன். ஏதாவது செட்டிங் மாற்ற வேண்டுமா?

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டோடு பாட்டைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். இடைவெளியில்லாமல் ஓட விடும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். 90 நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு ஒரு ஆல்பம் என்று கடையில் பதிந்து வாங்கிக் கேட்டவன் நான். 'டார்க் சைட்' எனக்கு ஒரே ஓட்டமாகத்தான் தெரியும். பல வருஷம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் எல்.பி.யாகக் கேட்டேன். கிளேர் டோரியின் குரல் தேய்ந்து அடங்கியது. முள் உள்வட்டத்தில் டிக், டிக் என்றது. நண்பர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டார். மரணத்தைப் பாடிய அந்தக் குரலுக்குப் பிறகு ஒரு மௌனம், பிறகு காசு விழும் சத்தம். தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் நன்றாகக் கொள்ளும் என்பதால் வந்த இடைவெளி அது. அதையும் சேர்த்தே கோத்திருக்கிறார்கள். நீங்களும் 'மணி'க்கு முன் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது, கர்நாடக சங்கீதம் தவிர எதையும் கேட்க மாட்டார். அவருக்கு எதைப் போடலாம் அண்ணா?

முதலில் லெட் செப்பலினின் 'கஷ்மீர்', 1975. டிரம்ஸ் நாலாகப் போகும், கிட்டார் மூன்றாகப் போகும், பன்னிரண்டில் இரண்டும் வந்து சேரும். இதை அப்பாவிடம் முன்னதாகச் சொல்லாதீர்கள், அவரே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். அவருடைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) அப்பாவுக்கு இரைச்சலாகப் படலாம், அதை நீங்கள் கேளுங்கள். அப்பாவுக்கு 1976இல் வந்த 'சக்தி'. இது ராக் இல்லை, ஆனால் ராக் மேடையின் உச்சத்தில் இருந்த ஒருவர் மின் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு வந்த இடம். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றவர் அவர். கமகம் பேச வேண்டும் என்பதற்காகவே விரல் வைக்கும் பலகையில் மெட்டுக் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து கிட்டார் செய்துகொண்டார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். கடம் தனியாகப் பேசத் தொடங்கும் இடத்தில் அப்பாவின் கையைப் பாருங்கள். தொடையில் தாளம் விழ ஆரம்பித்திருந்தால் எதுவும் பேசாமல் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.