ஷிப்யார்டு எலக்ட்ரீஷியன் ஆஃப்ஷோர் சர்வே ஆப்பரேட்டர் ஆக எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

சிங்கப்பூரின் துவாஸில் ஷிப்யார்டு எலக்ட்ரீஷியனாக இருக்கிறீர்கள், கடலடி சர்வே கருவிகளை இயக்கும் வேலைக்கு மாற எந்த சாஃப்ட்வேர் கோர்ஸ் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்வேரைக் கப்பலில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தே பழகிக்கொள்ளலாம். சர்வேயை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் கேபிள், கனெக்டர், கடிகாரம், இந்த மூன்றும்தான். முதல் இரண்டும் உங்கள் கைக்குப் பழகியவை என்பதால் நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டதாகவே நினைக்கிறேன்.

டோஃபிஷ் என்பது கப்பலுக்குப் பின்னால் கேபிளில் இழுத்துவரும் சைடு ஸ்கேன் சோனார், அதாவது இரு பக்கமும் ஒலி அனுப்பிக் கடலடியைப் படமாக்கும் கருவி. கேபிள் அதில் சேரும் இடத்தில் ரப்பரில் வார்த்த கனெக்டர் இருக்கும். மாட்டும் முன் கனெக்டரின் உலோகப் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, ரப்பரில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் உள்ளே அழுத்தம் சேர்ந்து கனெக்டர் முழுதாக உட்காராது, அந்த இடைவெளியில் தண்ணீர் புகும். கழற்றும்போது நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் பின் அடியில் ரப்பர் கிழியும். லாக்கிங் ஸ்லீவைக் கையால் மட்டும் முடுக்குங்கள், பிளையர் வேண்டாம்.

மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடும் முன் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றியே தீர வேண்டும். டோஃபிஷ் மாட்டியிருக்க 500 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். நல்ல கேபிள் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். நேற்று 300 காட்டியது இன்று 5 காட்டினால் எங்கோ தண்ணீர் இறங்கியிருக்கிறது, முதலில் டெர்மினேஷனை (கேபிள் முனை இணைப்பை) பிரித்துப் பாருங்கள். கேபிள் நன்றாக இருந்தும், வின்ச் சுற்றும்போது மட்டும் படத்தில் கோடு விழுந்தால் ஸ்லிப் ரிங்கை, அதாவது சுற்றும் வின்ச்சிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் இணைப்பை, சந்தேகப்படுங்கள்.

அடுத்தது டோஃபிஷின் உயரம். ஒரு பக்கத்துக்கு 100 மீட்டர் ரேஞ்ச் வைத்தால், அது கடலடியிலிருந்து 10 முதல் 15 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். அதற்கு மேலே ஏறினால் பொருட்களின் நிழல் குறுகி, சின்னப் பொருட்கள் கண்ணில் படாமல் போகும். சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம்தான் இதைக் கெடுக்கும். கப்பல் தரைக்கணக்கில் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) ஓடுகிறது, நீரோட்டம் 2 நாட் என்று வையுங்கள். எதிர்த்து ஓடும்போது தண்ணீரில் வேகம் 6 நாட், டோஃபிஷ் மேலே எழும்பும். திரும்பி வரும்போது தண்ணீரில் வேகம் 2 நாட்தான், டோஃபிஷ் கீழே போகும். போகும்போது விட்ட கேபிள் நீளத்தை வரும்போதும் அப்படியே வைத்தால் டோஃபிஷ் கடலடியில் மோதிவிடும். ஒரு சர்வே லைன் (கப்பல் நேராக ஓடும் பாதை) முடிந்து திரும்பும் முன்பே கேபிளை இழுத்துச் சுருக்கிவிடுங்கள். கரையோரத்தில் மீனவர்கள் இறக்கும் புபு என்ற மீன்பிடிக் கூண்டுகளின் கயிற்றில் மாட்டும் ஆபத்தும் உண்டு, மிதவை தெரிந்தால் பிரிட்ஜுக்கு உடனே சொல்லுங்கள்.

ஸ்பார்க்கர் மண்ணடுக்கைப் பார்க்கும் கருவி. கெப்பாசிட்டரில் சில ஆயிரம் வோல்ட் சேர்த்துக் கடல்நீரில் பொறியாக விடும். ஆஃப் செய்ததும் தொடாதீர்கள். டிஸ்சார்ஜ் ராடால் ஷார்ட் செய்து, பூஜ்யம் காட்டிய பிறகே கை வைக்க வேண்டும். பொறி விடும் முனைகள் எரிந்து தேய்வது இயல்பு. ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றானால் பல்ஸ் இழுத்துப் போய், மெல்லிய அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். அவற்றை வெட்டிச் சமமாக்குங்கள்.

கடிகாரத் தவறு உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். பதிவுகள் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால். இங்கே காலை 6 மணி என்றால் யுடிசியில் முந்தைய நாள் இரவு 10 மணி. லாக் ஷீட்டில் தேதியைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான். இன்னொன்று, ஜிபிஎஸ் நேரம் 2017 ஜனவரி முதல் யுடிசியைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது. ஒரு கருவி ஜிபிஎஸ் நேரத்திலும் இன்னொன்று யுடிசியிலும் பதிந்தால், 4 நாட் வேகத்தில் சுமார் 37 மீட்டர் தள்ளிப் படம் விழும்.

பல ஒலிக்கற்றைகளால் ஆழம் அளக்கும் மல்டிபீமில், தண்ணீரில் ஒலிவேகம் முக்கியம். இங்கே வெதுவெதுப்பான தண்ணீரில் அது விநாடிக்கு 1540 மீட்டரை ஒட்டி இருக்கும், பெருமழை நாளில் ஜோகூர் நீரிணையில் உப்பு குறைந்து அதுவும் மாறும். சமமான கடலடி, படத்தின் ஓரங்களில் மேலே வளைந்தோ கீழே வளைந்தோ தெரிந்தால் ஒலிவேக சென்சாரை இறக்கிப் புது ப்ரொஃபைல் (ஆழவாரியான ஒலிவேக அளவு) எடுங்கள். ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), பிட்ச் (முன்பின் சாய்வு), யா (திசைத் திருப்பம்) திருத்தங்களுக்கு பேட்ச் டெஸ்ட் என்ற சோதனை ஓட்டம் உண்டு. ரோலில் 0.1 டிகிரி பிழைகூட 50 மீட்டர் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் ஆழப் பிழையாகும்.

சான்றிதழ் விஷயம் சுருக்கம்தான். போசியட் (BOSIET) என்ற கடல்வேலைப் பாதுகாப்புப் பயிற்சியைப் பெரும்பாலும் கேட்பார்கள், 4 ஆண்டு செல்லும். வெப்பமண்டல வகை எடுத்தால் வடகடல் போன்ற குளிர்ப் பகுதிகளுக்கு அது போதாது. மெடிக்கலும் வேண்டும். ஷிஃப்ட் 12 மணி நேரம், வழக்கமாக நள்ளிரவு முதல் நண்பகல் அல்லது நண்பகல் முதல் நள்ளிரவு. மரினா சவுத் பியரிலிருந்து லாஞ்சில் ஏறும் வேலை என்றால், டோஃபிஷ் பெட்டியோடு உதிரி ஓ-ரிங், கிரீஸ், ஒரு மாற்று கனெக்டர் இருக்கிறதா என்று கரையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.