ஐரோப்பிய விவாதங்களில் ஒரு தனி எம்.பி.யின் பேச்சால் என்ன பயன்?

கொறடா சொன்னபடிதானே எல்லாரும் வாக்களிப்பார்கள், பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பிரிட்டனின் டொமினிக் கிரீவைப் பாருங்கள்.

ஆளுங்கட்சியான கன்சர்வேடிவ் உறுப்பினர், முன்னாள் அட்டர்னி ஜெனரல். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவது, அதற்கான மசோதா விவாதத்தில் அவர் மேடைப் பேச்சு பேசவில்லை. 9ஆவது பிரிவைக் கையில் எடுத்தார். வெளியேறும் ஒப்பந்தத்தை நிறைவேற்ற அமைச்சர்களே விதிகள் போட்டுக்கொள்ள அது அதிகாரம் தந்தது. ஒப்பந்தத்தின் இறுதி நிபந்தனைகளை ஏற்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான் அந்த அதிகாரம் என்பது அவருடைய திருத்தம். வக்கீல் புத்தி! பிரெக்ஸிட் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள்ளேயே போகாமல், கடைசி வார்த்தை யாருக்கு என்று கேட்டார். அதனால்தான் சொந்தக் கட்சியிலும் சிலர் துணிந்து அவரோடு வந்தார்கள் என்பது என் கணிப்பு.

2017 டிசம்பர் 13 அன்று 309க்கு 305. நாலே வாக்கில் அரசு தோற்றது.

அதன் தொடர்ச்சியாக, ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்பது 2018 சட்டத்தில் ஏறியது. 2019 ஜனவரி 15 அன்று அப்போதைய பிரதமர் தெரசா மேயின் ஒப்பந்தம் 432க்கு 202 என்று மண்ணைக் கவ்வியது அப்படி நடந்த வாக்கெடுப்பில்தான்.

கிரீவ் கொடுத்த விலையும் சின்னதல்ல. 2019 செப்டம்பரில் கட்சி அவரைத் தன் எம்.பி.க்கள் குழுவிலிருந்து நீக்கியது. டிசம்பர் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார்.