வயதான பெற்றோருடன் நிரந்தரமாகக் குடியிருக்க யாழ்ப்பாணம் ஏற்றதா, கொழும்பு ஏற்றதா?

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, பதினெட்டு ஆண்டுகளாக வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கிறேன். ஆகவே நான் சொல்லும் கொழும்பு வெள்ளவத்தைதான். கொட்டாஞ்சேனையில் இருப்பவர் வேறு கணக்குச் சொல்லக்கூடும்.

இரண்டு நகரங்களிலும் உங்களுக்கு வேலை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பிற்காலத்தில் வேலை மாற நினைத்தாலும், சிறப்பு மருத்துவர் தேவைப்பட்டாலும் கொழும்பில்தான் வாய்ப்பு அதிகம். மொழியைப் பொறுத்தவரை, மீன் வாங்குவது முதல் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் நூல் எடுப்பது வரை இங்கே தமிழிலேயே நாளைக் கடத்தலாம். ஆனால் அரச அலுவலகமொன்றில் சிக்கல் நேர்ந்தால், சிங்களம் தெரியாதவர் அடுத்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். கடற்காற்று சுகமானது, யன்னல் கம்பிகளை அது அரித்துவிடும் என்பதைத் தவிர.

பெற்றோர் விடயம்தான் கடினமானது. அப்பா இறந்தபின் அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். முதல் வாரத்திலேயே தேநீரை வாயில் வைத்துவிட்டு, "இது என்ன தண்ணியடா தம்பி, ஒரு ருசியும் இல்லை" என்றார். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தே பழகியவருக்கு, களனி ஆற்றிலிருந்து குழாயில் வரும் நீர் அந்நியமாகவே இருந்தது. அதைவிட, காலையில் கிணற்றடிக்குப் போய், வாழைக்குத் தண்ணீர் கட்டி, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவுடன் கதைப்பதற்கு இங்கே ஈடாக எதுவும் இருக்கவில்லை. 2022இல் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த காலத்தில் லிப்ட் நின்றது, மோட்டார் நின்றதால் மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை, முழங்கால் வலியுடைய அம்மா நாட்கணக்கில் கீழே இறங்கவே இல்லை. அடுத்த ஆண்டு அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கையிடம் திரும்பிவிட்டார். நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரவு பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய் வருகிறேன்.

இதை வைத்து யாழ்ப்பாணத்துக் கிணற்றை அமுதமாக நினைத்துவிட வேண்டாம். வற்றாத ஆறு இல்லாத அந்தக் குடாநாடு, பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை நிலத்தில் ஊறுவதையே நம்பியிருக்கிறது. தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் அதே நீரில்தான் கலக்கிறது. வளவு வாங்குவதானால் காணி உறுதியைப் பார்ப்பதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

உங்கள் தாய் தந்தையரால் படி ஏற முடியாதென்றால், நான் யாழ்ப்பாணத்தையே சொல்வேன். கொழும்புதான் என்று தீர்மானித்தால் நிலத்தளத்திலோ முதலாம் மாடியிலோ வீடு தேடுங்கள். வெள்ளவத்தையில் ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்பவர்கள் உண்டு. அதைக் கட்டுவதற்கு முன் உறவினர் வீடொன்றில் பெற்றோரை ஒரு மாதமாவது தங்கவைத்துப் பாருங்கள்.