நேரமாகுது, போகலாம்

வணக்கம் சார்,

ஜோகன்னஸ்பர்க்கில் இரண்டு வருட கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நானும் மனைவியும் காரில் டர்பன் போனோம். கையில் இருந்தது ஒரே நாள். பொட்டானிக்கல் கார்டன், விக்டோரியா தெரு மார்க்கெட், கிரே தெரு மசூதி, மோசஸ் மபிடா ஸ்டேடியம், உஷாகா மீன் காட்சியகம், இன்னும் இரண்டு என்று ஏழு இடம் குறித்து வைத்திருந்தேன். நாலுதான் முடிந்தது. கடற்கரையில் உட்கார்ந்தவள் இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. "நேரமாகுது, போகலாம்" என்று நான் சொன்னதில் சண்டை. இன்னும் முழுசாகத் தீரவில்லை. காரிலும் மணல் போகவில்லை.

ஒரே நாளில் ஒரு ஊரை உருப்படியாகப் பார்ப்பது எப்படி? பன்னி சௌ சைவமா? ரிக்‌ஷாக்காரர் அவரைப் படம் எடுத்ததற்கே பணம் கேட்டார், கொடுத்திருக்கக் கூடாதோ?

கே.

*

அன்புள்ள கே.,

முதலில் சாப்பாட்டை முடித்துவிடுவோம். பன்னி என்று காதில் விழுந்ததும் நம்மாட்கள் ஓரடி பின்வாங்குவார்கள். அதில் பன்றியும் இல்லை, முயலும் இல்லை. பனியா வியாபாரிகளை வைத்து வந்த பெயர் என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை நிரப்பித் தருவது. பீன்ஸ் பன்னி கேட்டால் சைவம். கால் ரொட்டி போதுமென்றால் "குவார்ட்டர்" என்று கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் மெதுவாகக் கேளுங்கள்.

உங்கள் பட்டியலைப் படித்துக் கோபம்தான் வந்தது. ஸ்டேடியத்தின் வளைவு 106 மீட்டர் உயரம். கடற்கரையில் இருந்தே தெரியும். உங்கள் மனைவி அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருப்பார், நீங்கள் டிக்கெட் கவுன்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது. மீன் காட்சியகம் நல்லதுதான், குழந்தைகளோடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டர்பன் வரைக்கும் போன ஒரு தமிழர், கடற்கரையில் உட்கார்ந்ததை 'வீணான நேரம்' கணக்கில் எழுதுகிறாரே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 342 பேர், கரும்புத் தோட்டத்துக்கான கூலிகள். அதிலிருந்து 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர். கடைசியில் உடம்பு அடையாளத்துக்கு என்று ஒரு கட்டம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம், இப்படி. ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே. அவர்களுடைய கொள்ளுப் பேரன் பேத்திகள்தான் இன்று அங்கே பிள்ளை, முதலி என்ற பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் நம்மால் அடையாளம் காண முடியாதபடி எழுதிக்கொண்டு இருப்பவர்கள்.

அந்த ஊரைக் கட்டியதில் பங்குள்ள அவர்களுக்கு உங்கள் மனைவி உட்கார்ந்த மணலில் உட்கார ஒரு காலத்தில் அனுமதி கிடையாது. வெள்ளையர் அரசு 1953-இல் சட்டமே போட்டது. நல்ல இடமெல்லாம் வெள்ளையருக்கு. இந்தியர்களுக்கு என்று தனியாக ஒரு துண்டு, கறுப்பர்களுக்கு இன்னொன்று. இங்கிலீஷ், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு என்று மூன்று மொழியில் பலகை வைத்திருந்தார்கள், எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லித் தப்பிக்கக் கூடாதாம். குளிப்பவர்களைச் சுறா கடித்துவிடக் கூடாது என்று 1952-இலேயே கடலுக்குள் வலை கட்டிய நகரம் அது. எல்லாரும் எல்லாக் கடற்கரைக்கும் போகலாம் என்று ஆனது 1989 கடைசியில்தான். சட்டம் ஒழிந்தது அதற்கும் அடுத்த வருடம்.

எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்களைப் போல மடித்த காகிதத்தோடுதான் அங்கே போனேன். என் மனைவிக்கு முழங்கால் வலி. கடற்கரை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் மறுமுனையில் ஒரு வயதான அம்மா. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழ்?" என்றார். அவருக்கு ஆயா, தாத்தா, தண்ணி, இன்னும் நாலைந்து சொற்கள்தான் மிச்சம். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

அவருடைய அப்பா எதிரே இருந்த ஒரு ஓட்டலில் வெயிட்டராம். சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு முட்டையும் டோஸ்ட்டும் பரிமாறியிருக்கிறார். தடை நீங்கியபோது அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, முழுக்கைச் சட்டை. நடைபாதையின் விளிம்பு வரை வந்தவர் அதற்கு மேல் கால் வைக்கவில்லை. ஷூவைக் கழற்றுங்கள் அப்பா என்று மகள் கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கப் போயிருக்கிறார். அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு சொன்னாராம்: நேரமாகுது, போகலாம்.

இங்கிலீஷில்தான் சொன்னார். உங்கள் கடிதத்தில் அதே வாக்கியத்தைப் பார்த்ததால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். அன்று பெஞ்சின் முன்னால் நின்று நானும் அதையே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. என் மனைவியிடம்தான், "கால் வலிக்கிறதா, தண்ணியில் கொஞ்சம் நின்று பார்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஆப்பிரிக்காதான் என்றாலும் இந்தியப் பெருங்கடல், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நான் இரண்டு பேர் செருப்புக்கும் காவல். அன்றைக்கு மார்க்கெட் போகவில்லை, மசூதியும் போகவில்லை.

சண்டை தீரவில்லை என்கிறீர்கள். மன்னிப்புக் கேட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லையே.

அப்புறம் அந்த ரிக்‌ஷாக்காரர். மணிகளும் கொம்புகளுமாக அவ்வளவு கனத்தைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் நிற்கிறார். படத்துக்கு நிற்பதும் அவர் தொழில்தான். கொடுத்தது சரி.